ஒரு கூட்டு நீளம்

வட்டக்கச்சி
12.02.2024

அண்ணா,

நாங்கள் சுகமா இருக்கிறம். நீயும் சுகமா இருக்க வேணுமெண்டு கோயில்ல நேர்த்தி வைச்சிருக்கிறன் எண்டு எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில நிக்கிறா. எழுதிப்போட்டன். இனிப் போவா.

நாலு மாசமா ஏன் ஒரு கடிதம் இல்லை எண்டு கேப்பாய். எனக்கு எழுத வராது, தெரியும்தானே. ஏ.எல். சோதினையில அரைவாசியில எழும்பி வந்தவள் நான். உங்க சிறையில கடிதத்தை உடைச்சு வாசிச்சுப்போட்டுத்தான் கையில தருவினமாம். வாசிக்கிற ஐயாவுக்கும் வணக்கம்.

பழைய கோழிக்கூடு இப்ப இல்லை. உன்னைப் பிடிச்ச அண்டைக்கு உன்ர போதைத்தூளைத் தேடி வந்த பொலிசுக்காரர் அடிப்பலகை எல்லாத்தையும் கழட்டி, கீழ மண்ணையும் கிண்டிப்போட்டுத்தான் போனவங்கள். கோழியள் ரெண்டு கிழமை மாமரத்தில படுத்தது. மரநாய் வந்து நாலைத் திண்டிட்டுது. இனிக் கோழியே வேண்டாம் எண்டு அம்மா ஒரே அழுகை. நான் விடேல்லை.

போனில வீடியோ பாத்து ஒரு கூடு அடிச்சிருக்கிறன். அடி இல்லாத கூடு. நாலு பக்கமும் வலை, மேல பழைய தகரம், ஒரு பக்கத்தில ரெண்டு சில்லு. காலமை காலமை அதின்ர நீளத்துக்கு ஒருக்கா முன்னுக்கு இழுக்கிறது, அவ்வளவுதான் வேலை. கோழியள் உள்ளுக்கயே நடந்து வருவினம். ஒவ்வொரு நாளும் புதுப் புல்லு, புதுப் புழு. எச்சம் பின்னால மண்ணுக்குப் பசளை. ஒரே இடத்தில வைச்சிருந்தாத்தான் நாத்தமும் வருத்தமும்.

உந்தக் கூட்டுக்குள்ள ஒருத்தரும் ஒண்டும் ஒளிக்கேலாது எண்டு சொல்லி அம்மா சிரிச்சா. நீ போன பிறகு அவா சிரிச்சதை அண்டைக்குத்தான் பாத்தன்.

சில்லு ரெண்டும் உன்ர சைக்கிளின்ர. பேசாத. நீ வரேக்க சைக்கிளும் துருப்பிடிச்சுத்தான் கிடந்திருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

கஜனி


05.03.2024

கஜி,

உயிரோட இருக்கிறன். நீங்கள் உங்க சுகம் எண்டு சொல்லுறதுக்கு இங்க அதுதான் பேர். நான் வடிவாச் சாப்பிடுறன், மெலியேல்லை எண்டு அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு. மிச்சத்தை வாசிக்காத. வாற கடிதத்தைத்தான் இங்க உடைக்கிறவங்கள், போற கடிதத்தை வெளியில போற ஒருத்தனிட்டக் குடுத்து விடுறன்.

சைக்கிளைக் கோழிக்குக் குடுத்திட்டியோ. நான் வெளியில வந்து கூட்டுக்கு மேல ஏறியிருந்து கிளிநொச்சி ரவுணுக்குப் போகட்டே? மூதேவி.

முதல் மாசம் நடுக்கம் பிடிச்சுச் செத்துப் பிழைச்சன். இப்ப ஒண்டும் இல்லாமலே இருக்கிறன். தலை தெளிஞ்சிட்டுது. தெளிஞ்ச தலைக்குள்ள ஒரே ஒரு கேள்விதான் சுத்துது. அண்டைக்கு வந்தவங்கள் நேரக் கோழிக்கூட்டுக்குப் போனவங்கள். வீட்டுக்குள்ள ஒரு அலுமாரி திறக்கேல்லை, ஒரு பாயைத் தூக்கேல்லை. இடம் தெரிஞ்சு வந்தவங்கள். ஆரோ பாத்துச் சொல்லியிருக்கிறான்.

நீதான் நெடுகலும் வளவுக்குள்ள நிண்டனீ. ஆர் வந்தவங்கள், ஆர் எட்டிப் பாத்தவங்கள் எண்டு யோசிச்சு எழுது. ஆறுதலா எழுது. எனக்கு நேரம் நிறையக் கிடக்கு.

நிருஷன்


வட்டக்கச்சி
22.03.2024

அண்ணா,

அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் வீக்கம், மற்றபடி ஒரு குறையும் இல்லை. உன்ர பக்கத்தில படுக்கிறவைக்கும் சுகம் கேட்டதாச் சொல்லு எண்டவா. அவை என்ன வழக்கில நிக்கினம் எண்டு தெரிஞ்சா கேக்க மாட்டா.

கோழியள் முட்டை இட வெளிக்கிட்டிட்டினம். முந்தி எங்கட முட்டை உடைச்சா உள்ளுக்க வெளிறின மஞ்சள்தானே. இப்ப தோடம்பழ நிறம். ரவுணில நஜீம் நானாவின்ர கடைக்குத்தான் குடுக்கிறன். அவர் செய்யிற வேலையைக் கேள். ஆராவது இது மெய்யா ஊர்க்கோழி முட்டையோ எண்டு கேட்டா ஒரு கதையும் கதைக்கிறேல்லை. ஒரு முட்டையை எடுத்து கடை வாங்கு விளிம்பில தட்டி, உள்ளங்கையில ஊத்தி, அந்த மஞ்சளை அவையின்ர மூக்குக்கு நேர பிடிப்பார். மஞ்சள் அப்பிடியே உருண்டு நிக்கும். பேந்து கை கழுவிப்போட்டு எனக்கு ஏச்சு. உன்ர முட்டையால என்ர சேட்டெல்லாம் நாறுது பிள்ளை எண்டு.

ஒரு கரைச்சல். எங்கட வளவு சின்னன். மூண்டு சுத்துச் சுத்தின உடன புல்லு முடிஞ்சுது. வெய்யிலுக்கு முளைக்கவும் இல்லை. எதிர்க்காணி இளையதம்பி மாமா, நீ சின்னனில இளநி களவெடுக்கப் போய் அடி வாங்கினியே, அந்த மனுசன், ஒழுங்கையில நிண்டு பாத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் வந்து, என்னடி பிள்ளை, கோழிக்கு ஒவ்வொரு நாளும் தேர்த்திருவிழாவோ எண்டு கேட்டார். புல்லு இல்லை எண்டன். அவர் தன்ர தென்னங்காணியில இழுக்கச் சொல்லிப்போட்டார். வாய்க்கால் தண்ணி போற காணி, முழங்காலளவு புல்லு நிக்குது. ஒரே ஒரு நிபந்தனை. ரெண்டு மர வரிசைக்கும் நடுவால நேர இழுக்க வேணும், எச்சம் தென்னைக்குக் கிடைக்கோணும்.

கூடு போன வழியெல்லாம் சதுரம் சதுரமாக் கரும்பச்சையில புல்லு வருது. நீ பாக்கோணும்.

நீ கேட்டதை யோசிச்சுப் பாத்தன். ஆர் வந்தவை எண்டு எனக்கு ஞாபகம் இல்லை.

கஜனி


21.04.2024

கஜி,

நான் இருக்கிறன். வருசப்பிறப்புக்கு உங்க என்ன செய்தனீங்கள்? இங்க ஒரு வாழைப்பழம் தந்தவங்கள். அம்மான்ர காலுக்கு எண்ணெய் பூசு.

உன்ர கடிதத்தைப் பக்கத்துப் பாயில படுக்கிறவனுக்கு வாசிச்சன். நானா முட்டை உடைக்கிற இடத்தில விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

இளையதம்பி உனக்குக் காணி தந்தவனோ? ஒரு இளநிக்குப் பூவரசந் தடி முறிய முறிய எனக்கு அடிச்ச மனுசன். நீ கேக்க முன்னமே கூப்பிட்டுத் தந்தவனோ? ஏன் எண்டு ஒருக்காலாவது யோசிச்சனியோ?

டிலக்சன் பாக்க வந்தவன். என்னோட சேந்து திரிஞ்சவங்களில அவன் ஒருத்தன்தான் இப்பவும் வாறவன். அவன் விசாரிச்சிருக்கிறான். ஆரிட்ட எண்டு கேக்காத. அண்டைக்குப் பொலிசுக்குப் போன கோல் இளையதம்பியின்ர போனிலயிருந்துதான் போயிருக்கு. நம்பரையும் சொன்னான். எனக்கு அந்த நம்பர் பாடம்.

இப்ப சொல்லு. அவன் ஏன் உனக்குக் காணி தந்தவன்?

நிருஷன்


25.05.2024

கஜி,

ஒரு மாசம் தாண்டிட்டுது, பதில் இல்லை. அம்மாவுக்கு ஏதுமோ? ஏதும் எண்டால் மறைக்காமல் எழுது. இங்க இருந்து மனம் கண்டதையும் நினைக்கும்.

ஒண்டு சொல்லட்டே. விடிய இங்க எங்களை எழுப்பி வரிசையில இருத்தி எண்ணுவாங்கள். அந்த நேரம் நான் உன்ர கூட்டை நினைப்பன். இண்டைக்கு எந்தத் தென்னைக்குக் கிட்டப் போயிருக்கும் எண்டு. விசர்தானே.

எழுது.

அண்ணா


வட்டக்கச்சி
09.06.2024

அண்ணா,

அம்மாவுக்கு ஒண்டும் இல்லை. பயப்பிடாத. எழுதாமல் விட்டது என்ர பிழை.

கோழியளுக்குக் கழிச்சல் வந்திட்டுது. பதினொண்டு செத்துப்போச்சு. ஊசி போட்டிருக்கோணும், நான்தான் இண்டைக்கு நாளைக்கு எண்டு விட்டிட்டன். செத்ததை ஆழமாத் தாட்டு, மேல சுண்ணாம்பு போட்டது இளையதம்பி மாமா. மிச்சக் கோழிக்கு வாய்க்குள்ள மருந்து விடேக்க கால் பிடிச்சதும் அவர்தான். அதனால உனக்குச் சொல்லுறன், அவர் உனக்கு ஒண்டும் செய்யேல்லை. எனக்குத் தெரியும். எப்பிடித் தெரியும் எண்டு கேளாத.

போனைப் பற்றி எழுதினனீ. அது ஊர்ப்போன் மாதிரி. கேட்ட ஆக்களுக்கெல்லாம் எடுத்துக் குடுக்கிற மனுசன். என்ர போனில ரீலோட் காசு இல்லாத நேரம் நானும் எத்தினை தரம் வாங்கி எடுத்தனான். போன் அவற்ற எண்டால் கதைச்சதும் அவரோ? கொஞ்சம் யோசி.

அவர் நல்ல மனுசன் அண்ணா. ஒவ்வொரு மாசமும் முதல் செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறன். விடிய அஞ்சரை பஸ். அண்டைக்கு எனக்காக ஆறு மணிக்குக் கூடு இழுக்கிறது அவர்தான். ஒரு காசும் வாங்கிறேல்லை. ஒரு முட்டை குடுத்தாக் கூட, எனக்குக் கொலஸ்ரோல், கொண்டு போ எண்டுவார். இப்பிடிப்பட்ட ஆளை நீ பிழையா நினைக்கக் கூடாது.

நீ விடிய கூட்டை நினைக்கிற எண்டு எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சன். குசினிக்குள்ள போயிட்டா.

கஜனி


30.06.2024

கஜி,

நான் சுகம். நல்ல சுகம்.

முந்தி ரெண்டு வரி எழுதப் பஞ்சிப்படுற நீ, அவனுக்கெண்டால் பக்கம் பக்கமா எழுதுறாய். உன்னை அவன் எப்பிடி வளைச்சு வைச்சிருக்கிறான் எண்டு எனக்கு இப்ப வடிவா விளங்குது. உன்னில கோவம் இல்லை. நீ சின்னப் பிள்ளை. கூடு இழுக்க ஒரு காணி தந்தாக் காணும் உனக்கு. அவன் செய்த வேலைக்கு அவன் தாற கூலியடி அது.

பெடியளிட்டச் சொல்லியிருக்கிறன். ஒரு நாள் வந்து அவனோட கதைப்பினம். நீயும் அம்மாவும் வீட்டில இல்லாத நாளாப் பாக்கச் சொன்னனான். நீங்கள் பயப்பிடக் கூடாதெல்லோ.

கோழியளை அவன்ர காணியால எடு.

நிருஷன்


வட்டக்கச்சி
16.07.2024
(தபாலில் போடாத கடிதம்)

அண்ணா,

சுகம் விசாரிக்கிறது பேந்து.

சொன்னது நான்.

போன் அவற்ற. கதைச்சது நான். கரண்ட் ஒபிசுக்கு எடுக்க வேணும் எண்டு பொய் சொல்லித்தான் வாங்கினனான்.

அம்மா ஒவ்வொரு நாளும் முட்டை எடுக்க அந்தக் கூட்டுக்குள்ள கையை விடுறவா. ஒரு நாள் முட்டையோட உன்ர பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு வந்து, இது என்ன பிள்ளை எண்டு கேட்டா. கோழிமருந்து, இருந்த இடத்தில வையுங்கோ எண்டு சொன்னன். அவா இடம் மாறி வைச்சிட்டா. அண்டைக்குப் பின்னேரம் நீ வந்து தேடிப்போட்டு அவான்ர கழுத்தில கையை வைச்சனீ. உனக்கு ஞாபகம் இருக்காது. நீ ரெண்டு கிழமையா ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை. கழுத்தில உன்ர கை இருக்க இருக்க அம்மா உன்னட்ட மன்னிப்புக் கேட்டவா. கோழிமருந்தை மாறி வைச்சிட்டன் தம்பி எண்டு.

அதைப் பாத்துக்கொண்டு நிண்டன். பேந்து ஒழுங்கையைக் கடந்து போய்ப் போனை வாங்கினன்.

மறியல்ல இருந்தாலாவது நீ உயிரோட இருப்பாய் எண்டு நினைச்சன். அம்மா உயிரோட இருக்கோணும் எண்டும் நினைச்சன். ரெண்டில எதுக்காகக் கூடச் செய்தன் எண்டு எனக்கே தெரியேல்லை.

அந்த மனுசனை விடு. கதைக்கிறதெண்டால் என்னோட கதைக்கச் சொல்லு.


வட்டக்கச்சி
17.07.2024

அண்ணா,

இங்க எல்லாரும் சுகம். மழை இல்லை. கோழியள் கொஞ்சம் தேறிட்டுது.

ஆர் சொன்னது எண்டு எனக்குத் தெரியும். இளையதம்பி மாமா இல்லை. ஆனால் கடிதத்தில எழுதேலாது. ஓகஸ்ட் இருபதாம் திகதி வழக்குக்கு உன்னைக் கொண்டு வருவினம்தானே. நான் வருவன். நேர நிண்டு பேர் சொல்லுவன். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒருத்தரோடயும் கதைக்க வேண்டாம் எண்டு டிலக்சனுக்குச் சொல்லிவிடு. எனக்காகச் செய். நான் உன்னட்ட ஒண்டும் கேட்டதில்லை.

கஜனி


29.07.2024

கஜி,

சுகம்தானே? நானும் சுகம். இங்க ஒரு ஐயாவுக்குக் கடிதம் எழுதிக் குடுக்கிறன், எட்டாம் வகுப்பில கலைச்ச வாத்தி இதைப் பாக்கோணும்.

நீ நாள் கடத்தப் பாக்கிறாய் எண்டு எனக்கு விளங்கும். அந்தக் காணி இல்லாட்டிக் கோழிக்குப் புல்லில்லை, அதுதானே? அதை விடு. நான் வந்து நல்ல காணி ஒண்டு குத்தகைக்கு எடுத்துத் தாறன். ஒரு கூடு என்ன, பத்துக் கூடு இழுப்பம். நானும் இழுப்பன். இதைப் பகிடிக்கு எழுதேல்லை.

இருபதாம் திகதி வரேக்க பத்து முட்டை அவிச்சுக் கொண்டு வா. அந்தத் தோடம்பழ மஞ்சளை ஒருக்காப் பாக்கோணும். அதுக்கிடையில மற்ற விசயமும் முடிஞ்சிடும்.

அண்ணா


வட்டக்கச்சி
14.08.2024

நிருஷன் அண்ணா,

உள்ளுக்க இன்னொரு தாள் வைச்சிருக்கிறன். போன மாசம் பதினாறாம் திகதி எழுதினது. முதல் அதை வாசிச்சுப்போட்டு வா.

அதைத் தபால் கந்தோர் வரைக்கும் கொண்டு போனனான். முத்திரையும் ஒட்டினனான். நீ இனி என்ர முகத்திலயே முழிக்க மாட்டாய் எண்டு நினைச்சுத் திருப்பிக் கொண்டு வந்திட்டன். அடுத்த நாள் அந்த விசர்க் கடிதத்தை எழுதிப் போட்டன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு முத்திரை.

மாமாவுக்கும் சொல்லேல்லை. கிளினிக் நாளுக்கு முதல் நாள் பின்னேரம் போய், நாளைக்கு நீங்கள் கூடு இழுக்க வேண்டாம், நான் வந்து மத்தியானம் இழுக்கிறன் எண்டு மட்டும் சொன்னன். ஏன் எண்டு கேட்டார். சும்மா எண்டன். சரி எண்டு தலையாட்டினார். ஆனா விடிய கோழியள் கத்தியிருக்கு. எச்சத்துக்க நிண்டு அதுகள் கத்துறதைக் கேட்டுக்கொண்டு இருக்கிற மனுசன் இல்லை அவர். அவருக்கு அப்பிடிப் பழக்கினதும் நான்தான்.

நாங்கள் கிளினிக்கால பதினொரு மணிக்கு வந்து இறங்கேக்க ஒழுங்கை முழுக்கச் சனம். கூடு ரெண்டு மரத்துக்கு நடுவில பாதி தூரம் இழுத்தபடி நிண்டுது. அரைவாசிக் கோழி பழைய மண்ணில, அரைவாசி புதுப் புல்லில மேயுது. இழுக்கிற கம்பி, சில்லு, தகரம் எல்லாம் ரத்தம். ரெண்டு மோட்டச்சைக்கிளில நாலு பேராம். முகம் மூடினபடி. சரியா ஆறு மணி. அந்த நேரத்தையும் நாளையும் உனக்கு எழுதினது நான். அவர் நல்லவர் எண்டு காட்ட எழுதினன்.

மாமான்ர வலக்கையில மூண்டு விரல் இல்லை, வெட்டிப்போட்டாங்கள். முழங்கைக்குக் கீழ நரம்பும் போயிட்டுது. அந்தக் கையால இனி ஒரு தேங்காய் தூக்கேலாது எண்டு பெரியாஸ்பத்திரியில சொல்லிப்போட்டினம்.

மூண்டாம் நாள் போய்ப் பாத்தன். கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு, நான்தான் மாமா அண்டைக்கு உங்கட போனில கதைச்சது எண்டு சொன்னன். அழுது கிழுது சொல்லேல்லை. அவர் மேல பாத்தபடி சொன்னார்.

"எனக்குத் தெரியும். நீ போனைத் தந்திட்டுப் போன உடன நம்பரைப் பாத்தனான். கொண்ணன் நிருஷனுக்குச் சொல்லியிருப்பாய் எண்டு நினைச்சன்."

அவங்களிட்ட அது நான் இல்லை, அவள்தான் எண்டு சொல்லியிருக்கலாமே எண்டு கேட்டன்.

"கேள்வி கேட்டவங்கள் பிள்ளை. பதிலுக்கு நிக்கேல்லை."

பேந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். முகத்தைத் திருப்பாமலே, கோழியளைக் கொண்டு போ எண்டார். நான் கும்பிட்டுப்போட்டு வந்தன். அவர் பாக்கேல்லை.

கொண்டு வந்திட்டன். இப்ப கூடு எங்கட வளவில ஒரே இடத்தில நிக்குது. இழுக்க இடமில்லை. கீழ மண் சேறாப்போச்சு. நேற்று ஒண்டு, இண்டைக்கு ரெண்டு செத்துது. நஜீம் நானாவிட்டச் சொல்லி மிச்சத்தைக் குடுக்கப் போறன்.

இளையதம்பி மாமா பொலிசுக்கு முகம் தெரியேல்லை எண்டு சொல்லிப்போட்டார். அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சது அதைவிடக் கூட. உன்ர கடிதமெல்லாம் என்னட்டக் கிடக்கு. டிலக்சன்ர பேர் அதில இருக்கு. பெடியளிட்டச் சொல்லியிருக்கிறன் எண்டது உன்ர கையெழுத்தில இருக்கு. நாங்கள் இல்லாத நாளாப் பாக்கச் சொன்னதும் இருக்கு.

இண்டைக்குக் காலமை அம்மாவுக்கு எல்லாத்தையும் சொன்னன். கோழிமருந்திலயிருந்து. அவா என்னை ஏசேல்லை. அடுப்பை மூட்டிப்போட்டு, அந்தக் கடிதங்களைத் தா எண்டு கையை நீட்டினா. அவனும் என்ர பிள்ளை கஜனி எண்டா. நான் குடுக்கேல்லை. அவா கையை நீட்டினபடி கன நேரம் நிண்டா. அடுப்பு தானா அணைஞ்சுது. இப்ப என்னோட கதைக்கிறா இல்லை.

நாளைக்குக் காலமை பொலிசுக்குப் போறன். கடிதங்களைக் குடுத்து வாக்குமூலம் எழுதப் போறன். இந்த முறை இன்னொருத்தற்ற போன் இல்லை. என்ர பேர், என்ர கையெழுத்து. உனக்கு இன்னும் எத்தினை வருசம் கூடும் எண்டு தெரியாது. இருபதாம் திகதி நான் வருவன். முட்டை கொண்டு வரேல்லை.

இந்தக் கடிதத்தை உங்க வாசிக்கிற ஐயா உனக்கு முன்னம் வாசிப்பார். வாசிக்கட்டும். உன்ர கைக்கு வரேக்க எல்லாம் முடிஞ்சிருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நித்திரை கொள். இந்த முறை ஆர் சொன்னது எண்டு ஒருத்தரையும் தேடாத.

கஜனி